சிகரட் வாடை பிடித்த பழைய சரக்கு: வாங்குமுன் யோசியுங்கள், விற்குமுன் சொல்லுங்கள்

மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக ஒரு சரக்கை வாங்கி, பிறகு அதை விற்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் தவிப்பது நம்மில் பலருக்கும் நேர்ந்திருக்கும். எனக்கும் நேர்ந்தது. அந்த அனுபவத்தில் நான் கற்றுக்கொண்டதை, பழைய சரக்கு வாங்கி விற்கும் ஏனைய வியாபாரிகளுக்கும் பயன்படும் என்பதால் இங்கு எழுதுகிறேன்.

தையல், பின்னல், கைப்பணிச் சாமான்கள் விற்பதுதான் என் தொழில். நூல், லேஸ், பொத்தான், மணி, கம்பளி நூல், எம்பிரொய்டரி வளையம் போன்றவை. மூடப்படுகிற கடைகளில் மீதமிருக்கும் சரக்கை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்பதும் உண்டு. அப்படித்தான் கொழும்பை அடுத்துள்ள ஓர் ஊரில் ஒரு கடைச் சரக்கை 60,000 ரூபாவுக்கு வாங்கினேன். பிரித்து விற்றால் ஒரு இலட்சம் தேறும் என்பது என் கணக்கு.

சரக்கைப் பார்த்தது கடைக்கு வெளியே, காற்றோட்டமான திண்ணையில். நல்ல நிறம், கிழிசல் இல்லை, பூச்சி இல்லை. கடைக்காரர் கையில் சிகரட் இருந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மனிதர் பல வருடங்களாக அதே கடைக்குள், அதே சரக்கின் நடுவில் இருந்து புகைத்திருக்கிறார் என்பது பிறகுதான் விளங்கியது.

முதலில் விற்றது கம்பளி நூல். எங்கள் ஊர் ராத்தா ஒருவர் குழந்தைகளுக்குத் தொப்பியும் காலுறையும் பின்னி விற்பவர். கணவர் இல்லை, அந்த வருமானத்தில்தான் வீடு நடக்கிறது. பன்னிரண்டு உருண்டை வாங்கிப் போனார். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தார். கையில் அவர் பின்னிய தொப்பிகள்.

"நானா, பிள்ளப் பெத்த வீட்டுக்குக் குடுத்தன். பிள்ளைக்கு இழுப்பு இருக்காம். சிகரட் மணக்குதுன்னு எல்லாத்தயும் திருப்பி அனுப்பிட்டாங்க. எங்கட வீட்டுல யாரு சிகரட் குடிக்கிறன்னு வேற கேட்டாங்க" என்றார்.

கடைசி வார்த்தைதான் என்னை உறுத்தியது. நூலின் விலையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அவர் பத்து நாள் பின்னிய உழைப்பை எப்படிக் கொடுப்பது? அவர் வீட்டுக்கு வந்த பெயரை எப்படிக் கழுவுவது? அன்றிரவு மீதமிருந்த பெட்டிகளை எல்லாம் மூடிய அறைக்குள் வைத்துத் திறந்து பார்த்தேன். அறையே நாறியது.

வாடை ஏன் போவதில்லை?

காற்றில் காயப்போட்டால் போய்விடும் என்றுதான் நானும் நினைத்தேன். போகவில்லை. காரணம் தெரிந்தால்தான் வழியும் தெரியும்.

சிகரட் புகை என்பது வெறும் காற்று அல்ல. அதில் 7,000க்கும் மேற்பட்ட இரசாயனப் பொருட்கள் உள்ளன. அவற்றில் ஒரு பகுதி வாயுவாகவும், மற்றப் பகுதி ஒரு மைக்ரோனிலும் சிறிய தார்த் துளிகளாகவும் இருக்கிறது. நம் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன். அப்படியானால் அந்தத் துளி எவ்வளவு சிறியது என்று பாருங்கள். அது நூலின் இழைகளுக்குள்ளும் மரத்தின் துளைகளுக்குள்ளும் கடதாசிக்குள்ளும் புகுந்து ஒட்டிக்கொள்கிறது. பிறகு சூடும் ஈரமும் கூடும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. மழைக்காலத்திலும் மத்தியான வெயிலிலும் வாடை அதிகமாவது இதனால்தான்.

இதற்கு ஆங்கில நாடுகளில் 'மூன்றாம் கைப் புகை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குடிப்பவன் இழுப்பது முதலாவது, பக்கத்தில் இருப்பவன் சுவாசிப்பது இரண்டாவது, பொருட்களில் படிந்து கிடப்பது மூன்றாவது. அமெரிக்காவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூட விஞ்ஞானிகள் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பொருட்களில் படிந்த நிக்கோட்டின் உள்ளறைக் காற்றிலுள்ள நைத்திரஸ் அமிலத்துடன் சேர்ந்து, புற்றுநோயுடன் தொடர்புடைய நைத்திரோசமைன் வகைச் சேர்வைகளை உண்டாக்குகிறது எனக் காட்டினார்கள். ஆகவே இது வெறும் மண விவகாரம் மட்டுமல்ல. பொருளை வாயில் வைக்கும் குழந்தையின் கைக்குப் போகும் சரக்கு என்றால் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

இன்னொரு விடயம்: நிக்கோட்டின் காரத் தன்மை கொண்டது. வாடைக்குக் காரணமான பிரிடின் வகைப் பொருட்களும் அப்படியே. காரத்தை எடுக்க அமிலம் வேண்டும். வினாகிரி இங்கே வேலை செய்வதன் இரகசியம் இதுதான். அமிலத்துடன் சேர்ந்த நிக்கோட்டின் உப்பாக மாறி, தண்ணீரில் இலகுவாகக் கரைந்து போகிறது. தாரோ எண்ணெய்ப் பசை போன்றது. அதற்குச் சவர்க்காரம் வேண்டும். புகையிலுள்ள அமில வகை மணங்களுக்கு அப்பச் சோடா உதவும். ஒரே மருந்து எல்லாவற்றுக்கும் சரிவராது.

வாங்குமுன் சோதிக்கும் முறை

திறந்த வெளியில் மோந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள். நான் செய்த தவறு அதுதான்.

மூடியுள்ள ஒரு கண்ணாடிப் போத்தலைக் கழுவிக் காயவைத்துக் கையோடு கொண்டு போங்கள். சரக்கின் நடுவிலிருந்து ஒரு சிறு துண்டு லேஸையோ நூலையோ உள்ளே போட்டு இறுக மூடி, ஒரு மணித்தியாலம் வெயிலில் வையுங்கள். பிறகு திறந்த உடனே மோந்து பாருங்கள். ஒளிந்திருக்கும் வாடை அப்போது வெளியே வந்துவிடும். மேலே இருக்கும் பெட்டியிலிருந்து மட்டுமல்லாமல் அடியிலிருக்கும் பெட்டியிலிருந்தும் எடுத்துப் பாருங்கள்.

மோப்பம் பிடிப்பவர் சிகரட் குடிக்காதவராக இருக்க வேண்டும். குடிப்பவரின் மூக்குக்கு அது தெரியாது. குடிக்காதவரும் அந்த அறையில் சில நிமிடங்கள் நின்றால் மூக்கு பழகிவிடும். வெளியே போய் நல்ல காற்றை இழுத்துவிட்டு வந்து மீண்டும் பார்க்க வேண்டும்.

கண்ணுக்கும் வேலை கொடுங்கள். வெள்ளை லேஸின் மடிப்பை விரித்துப் பாருங்கள். வெளிப்புறம் மஞ்சள், உள்மடிப்பு வெள்ளை என்றால் அது பழமையால் வந்ததாகவும் இருக்கலாம், புகையால் வந்ததாகவும் இருக்கலாம். ஈரமான வெள்ளைத் துணியால் கண்ணாடி அலுமாரியையோ பிளாஸ்டிக் பெட்டியையோ துடையுங்கள். பழுப்பு நிறப் பசை ஒட்டினால் சந்தேகமே வேண்டாம்.

முதல் வேலை: பிரித்தல்

சரக்கு கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கடைக்குள் கொண்டு வராதீர்கள். நல்ல சரக்குக்கும் வாடை ஏறும். வராந்தாவிலோ கொட்டிலிலோ இறக்குங்கள்.

காட்போட் பெட்டி, கடதாசி உறை, பழைய பொலித்தீன் எல்லாவற்றையும் உடனே நீக்கிவிடுங்கள். வாடையின் பெரும் பங்கு அவற்றில்தான் இருக்கும். உறையோடு விற்றால் புதியது போல் தெரியும் என்ற ஆசையில் அதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

பிறகு நான்காகப் பிரியுங்கள்: தண்ணீரில் போடக் கூடியவை, துடைக்க மட்டும் முடிந்தவை, ஈரமே படக்கூடாதவை, காப்பாற்ற முடியாதவை. கடைசி வகையில் ஸ்பொஞ்ச், பொம்மைக்குள் அடைக்கும் பஞ்சு, மெத்தை விரிப்புக்கான பஞ்சுத் தகடு ஆகியவை அடங்கும். இவற்றின் உள்ளே தண்ணீர் போனாலும் வாடை வெளியே வராது. செலவு செய்யாமல் வீசிவிடுங்கள்.

பருத்தியும் செயற்கை இழையும்

பருத்தித் துணி, பருத்தி லேஸ், ரிபன், பொலியெஸ்டர் துணி ஆகியவற்றுக்கு இது நான் பின்பற்றிய முறை.

முதலில் ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் அதைத் தனியே வையுங்கள். சாயம் இறங்காதவற்றை 10 லீற்றர் தண்ணீருக்கு அரை லீற்றர் வெள்ளை வினாகிரி கலந்து ஒரு மணித்தியாலம் ஊறவிடுங்கள். நிறமற்ற வினாகிரியே வேண்டும். தென்னங்கள்ளு வினாகிரிக்கு நிறமும் தனி மணமும் உண்டு. தண்ணீர் தேநீர் போல் மாறுவதைக் காண்பீர்கள். எனக்கு அப்படித்தான் மாறியது.

அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, வழக்கமான சலவைத் தூள் போட்டு இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவுங்கள். வாடை இன்னும் இருந்தால், நன்றாக அலசிய பிறகு, வேறொரு வாளியில் 10 லீற்றருக்கு அரைக் கோப்பை அப்பச் சோடா கரைத்து இரவு முழுவதும் ஊறவிடலாம். வினாகிரியையும் அப்பச் சோடாவையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். நுரை பொங்குவதைப் பார்த்து நன்றாக வேலை செய்கிறது என்று பலர் ஏமாறுகிறார்கள். உண்மையில் ஒன்றின் சக்தியை மற்றொன்று அழித்துவிடுகிறது.

காயவைப்பது காற்றோட்டமுள்ள இடத்தில். வெள்ளைத் துணிக்கு வெயில் நல்லது. நிறத் துணிக்குக் காலை வெயில் சிறிது நேரம் போதும். மத்தியான வெயில் நிறத்தைக் குடித்துவிடும். முழுதாகக் காய்ந்த பிறகு மீண்டும் போத்தல் சோதனை செய்யுங்கள். ஒரு தடவையில் போகாது. எனக்குச் சில லேஸ்களுக்கு மூன்று தடவை தேவைப்பட்டது.

எச்சரிக்கை ஒன்று: வெள்ளையாக்குவதற்காகக் குளோரின் திரவத்தை வினாகிரியுடன் ஒருபோதும் சேர்க்க வேண்டாம். நச்சுக் குளோரின் வாயு வெளியாகும். மூடிய குளியலறையில் செய்தால் உயிருக்கே ஆபத்து. வேலைக்கு நிற்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

கம்பளியும் பட்டும்

இவை இரண்டும் மிருகப் புரதத்தால் ஆனவை. காரம் இவற்றைக் கெடுக்கும். ஆகவே அப்பச் சோடாக் கரைசலில் ஊறவிடவே கூடாது. சாதாரண சலவைத் தூளும் வேண்டாம். கம்பளிக்குரிய திரவமோ மென்மையான ஷம்பூவோ போதும். வினாகிரி சிறிதளவு சேர்ப்பதால் பாதிப்பில்லை.

கம்பளி உருண்டையை அப்படியே நனைத்தால் உள்ளே காயாது, பூஞ்சணம் பிடிக்கும். உருண்டையை அவிழ்த்துச் சிட்டமாகச் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டுங்கள். அறை வெப்பத் தண்ணீரில் வினாகிரி கலந்து அரை மணித்தியாலம் அமிழ்த்தி வையுங்கள். தேய்க்கவோ பிழியவோ வேண்டாம். சூடும் தேய்ப்பும் சேர்ந்தால் கம்பளி சுருங்கித் தடித்த துணி போலாகிவிடும். கழுவும் தண்ணீரும் அலசும் தண்ணீரும் ஒரே அளவு வெப்பமாக இருக்க வேண்டும். துவாயில் சுருட்டி நீரை ஒற்றி எடுத்து நிழலில் தொங்கவிடுங்கள்.

கடைகளில் கம்பளி நூல் என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக் என்னும் செயற்கை நூல். அது சுருங்காது. ஆனால் கொதிநீர் பட்டால் தளர்ந்து உயிரிழந்துவிடும். இளஞ்சூடு போதும்.

பொத்தான், மணி, வளையம், மெஷின்

பிளாஸ்டிக் பொத்தான்களைச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டுக் குலுக்கிக் கழுவினால் போதும். ஆனால் சிப்பிப் பொத்தான், சோகி, பவளம், முத்து ஆகியவற்றை வினாகிரியில் போடாதீர்கள். அவை சுண்ணாம்புப் பொருளால் ஆனவை. அமிலம் அரித்து மினுக்கம் போய்விடும். இது தெரியாமல் நான் ஒரு பேணிச் சிப்பிப் பொத்தானைக் கெடுத்துக்கொண்டேன். சரிகை நூலும் பித்தளைப் பொத்தானும் வினாகிரியில் கறுக்கக் கூடும். அவற்றை ஈரத் துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள்.

கத்தரி, ஊசிப் பெட்டி, உலோகக் கருவிகளைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்தால் தார்ப் பசை கரைந்து வரும். வார்னிஷ் பூசிய மரத்திலும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கிலும் ஸ்பிரிட் படக்கூடாது.

மர வளையத்தைச் சவர்க்காரத் துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். பழைய தையல் மெஷின் மேசையில் வாடை இருப்பது பெரும்பாலும் மெருகு பூசாத உட்பகுதியில்தான். லாச்சியைக் கழற்றி உள்ளே துடைத்து, மெல்லிய அரத்தாள் போட்டு, ஷெல்லாக் வார்னிஷ் ஒரு பூச்சு அடித்தால் மிச்ச வாடை உள்ளேயே அடைபட்டுவிடும்.

ஈரமே படக்கூடாதவை

தையல் மாதிரிப் புத்தகம், வாழ்த்து அட்டை செய்யும் கடதாசி, காட்போட் கூம்பில் சுற்றிய தையல் நூல் ஆகியவற்றைக் கழுவ முடியாது. இவற்றுக்குக் கரிதான் வழி.

சிரட்டைக் கரியிலிருந்து செய்யப்படும் செயலூட்டிய கரி ஒரு கிராமில் 500 முதல் 1,500 சதுர மீற்றர் வரை உட்பரப்பு இருக்கிறது. அந்தக் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் மணப் பொருட்கள் போய் ஒட்டிக்கொள்கின்றன. இந்தக் கரியைச் செய்து உலகுக்கு ஏற்றுமதி செய்யும் முக்கிய நாடுகளில் நமது நாடும் ஒன்று. மீன் தொட்டிச் சாமான் விற்கும் கடைகளில் சிறிய அளவில் வாங்கலாம். அடுப்புக் கரிக்கு இந்தச் சக்தி மிகக் குறைவு.

மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் கரியை அகலமான கிண்ணத்தில் வைத்து, பொருட்களை அதன் மீது படாமல் தட்டில் பரப்பி மூடுங்கள். புத்தகமானால் பக்கங்கள் விரிந்திருக்குமாறு நிறுத்தி வையுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை திறந்து காற்றாட விட்டு மீண்டும் மூடுங்கள். ஒரு வாரத்தில் கரியை மாற்றுங்கள். இரண்டு மூன்று வாரம் பொறுமை வேண்டும். கரி இல்லாவிட்டால் அப்பச் சோடாவும் ஓரளவு உதவும். மழைக்காலத்தில் பெட்டிக்குள் ஈரம் தங்கினால் பூஞ்சணம் வரும். ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பெக்கட்டுகள் சிலவற்றையும் சேர்த்து வையுங்கள்.

உண்மையைச் சொன்னால், கடதாசியில் வாடை குறையும், முற்றாகப் போவது அரிது.

செய்யக் கூடாதவை

சாம்பிராணி போடச் சொல்லிப் பலர் ஆலோசனை தந்தார்கள். அதுவும் ஒரு புகைதான். ஒரு புகையின் மேல் இன்னொரு புகையைப் பூசுவதால் என்ன பயன்? அத்தர், வாசனைத் தெளிப்பான் எல்லாம் இரண்டு நாள் மறைக்கும். மூன்றாம் நாள் இரண்டு வாடையும் சேர்ந்து வரும். வாங்கிய மனிதர் தன் வீட்டில் அதைக் கண்டுபிடிக்கும்போது, நாம் தெரிந்துகொண்டே மறைத்தோம் என்பதும் சேர்ந்து வெளியே வரும்.

ஓசோன் இயந்திரம் வாடகைக்கு எடுக்கலாம் என்றும் சிலர் சொல்வார்கள். மனிதருக்குத் தீங்கில்லாத அளவு ஓசோன் வாடையைப் போக்கப் போதாது என்பது அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் கருத்து. போதுமான அளவு விட்டால் நுரையீரலுக்குக் கேடு. இலாஸ்டிக்கும் றப்பரும் வெடிக்கும், சாயமும் வெளிறும். நம்மைப் போன்ற சிறு வியாபாரிகளுக்கு அது வேண்டாத வேலை.

கணக்கைப் பார்ப்போம்

வியாபாரப் பக்கம் என்பதால் கணக்கையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வாங்கிய விலை 60,000 ரூபா. வீசியவற்றின் விற்பனைப் பெறுமதி 22,000 ரூபா. ஆகவே ஒரு இலட்சம் என்று எண்ணிய சரக்கு 78,000 ஆனது. குறையைச் சொல்லி விலை குறைத்து விற்றதில் இன்னும் 5,000 குறைந்து, கைக்கு வந்தது 73,000. வினாகிரி, சலவைப் பொருட்கள், கரி, உதவிக்கு வந்த இருவரின் கூலி, புதிய உறைகள் எல்லாம் சேர்த்துச் செலவு 14,500. மொத்தச் செலவு 74,500. நட்டம் 1,500 ரூபா. ராத்தாவுக்குக் கொடுத்ததை இதில் சேர்க்கவில்லை. ஒரு மாதம் என் நேரமும் இடமும் போனதற்கும் விலை போடவில்லை.

இதிலிருந்து ஒரு பாடம் எடுத்தேன். வாடைச் சரக்கை வாங்கும்போது பின்னாலிருந்து கணக்குப் போட வேண்டும். காப்பாற்றக் கூடியது எவ்வளவுக்கு விற்கும்? அதிலிருந்து சுத்தம் செய்யும் செலவைக் கழியுங்கள். நியாயமான இலாபத்தையும் கழியுங்கள். மிஞ்சுவதுதான் நீங்கள் கொடுக்கக் கூடிய ஆகக் கூடிய விலை. என் சரக்கில் 73,000இலிருந்து 14,500 போக 58,500. எனக்கு 15,000 இலாபம் வேண்டுமென்றால் 43,500க்கு மேல் கொடுத்திருக்கவே கூடாது. அந்த விலைக்குத் தராவிட்டால், ஸலாம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்திருக்க வேண்டும்.

கடதாசி, பஞ்சு, ஸ்பொஞ்ச் அதிகமுள்ள சரக்கானால் விலை பேசவே வேண்டாம். பொத்தான், பருத்தி, செயற்கை நூல் அதிகமானால் பேசிப் பார்க்கலாம்.

சொல்லி விற்பது

கழுவிய பிறகு வாடை தெரியவில்லை என்றால் சொல்ல வேண்டுமா என்று ஒரு நண்பர் கேட்டார். வாடை முற்றாகப் போன பொருளுக்கு அதனால் குறை இல்லை. ஆனால் மிச்சம் இருக்கிறதென்று நமக்குத் தெரிந்தால், அது குறைதான்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதும், மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னபோது, அந்த ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுக் கண்டித்ததும் நாம் எல்லோரும் பயான்களில் கேட்ட சம்பவம். அந்த வியாபாரி மழையை வரவழைக்கவில்லை. நானும் சிகரட் குடிக்கவில்லை. குறை யாரால் வந்தது என்பது அங்கே கேள்வியாகவில்லை. அதைத் தெரிந்துகொண்டு அடியில் வைத்ததுதான் கேள்வியானது.

மறைக்கப்பட்ட குறையைக் கண்டுபிடித்தவர் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை நமது பிக்ஹு சட்டம் 'கியாருல் ஐப்' என்று அங்கீகரிக்கிறது. ஆகவே "விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று சுவரில் எழுதிப் போட்டுவிட்டால் பொறுப்பு முடிந்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

இப்போது நான் அப்படிப்பட்ட பொருட்களைத் தனித் தட்டில் வைத்து, "புகைப்பிடித்த கடைச் சரக்கு, கழுவியது, லேசான வாடை உண்டு" என்று அட்டையில் எழுதி விலை குறைத்து வைக்கிறேன். யாரும் வாங்க மாட்டார்கள் என்று பயந்தேன். வாங்குகிறார்கள். கதவு மிதியடி செய்பவரும், பாடசாலைக் கைவேலைக்குத் தேடுபவரும் மோந்து பார்த்துவிட்டுத் தெரிந்தே எடுக்கிறார்கள். குழந்தைச் சாமான் செய்பவர்களுக்கு அந்தத் தட்டிலிருந்து நான் கொடுப்பதில்லை.

நமது கடையிலிருந்தே தொடங்குவோம்

மூடிய பொது இடங்களில் புகைத்தலை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, நம்மில் சிலர் கடையின் பின்னறையில், சரக்கு அடுக்கிய இடத்தில் இரவில் கணக்குப் பார்க்கும்போது பற்ற வைக்கிறார்கள். இதைச் சரக்கு அனுப்பியவரோ வாங்குபவரோ பார்ப்பதில்லை. ஆனால் துணி ஒவ்வொரு நாளும் வாங்கி வைத்துக்கொள்கிறது. ஒரு நாள் அந்தக் கடையை மூடும்போதோ சரக்கை மொத்தமாகக் கைமாற்றும்போதோ விலையில் அது தெரியும். உடம்புக்கும் வீட்டாருக்கும் வரும் நட்டம் அதைவிடப் பெரிது.

அந்த ராத்தாவின் தொப்பிகளை வாங்கி வந்து நானே மூன்று தடவை கழுவினேன். வாடை போய்விட்டது. ஆனாலும் அந்த வீட்டுக்கு அதைக் கொடுக்க மனம் வரவில்லை. புதிய நூல் பன்னிரண்டு உருண்டை கொடுத்து, பத்து நாள் கூலியும் கணக்குப் பார்த்துக் கொடுத்தேன். பிள்ளை பெற்ற வீட்டுக்கும் நானே போய், குறை என் சரக்கில்தான், அவர் வீட்டில் யாரும் சிகரட் குடிப்பதில்லை என்று சொன்னேன். சொல்வதற்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வீட்டார் மறுமாதம் அவரிடமே இன்னும் ஆறு தொப்பி கேட்டதாக அறிந்தேன். அல்ஹம்துலில்லாஹ்.

1,500 ரூபா நட்டத்தில் நான் பெற்ற பாடம் இவ்வளவுதான்: மூக்கை நம்பாமல் போத்தலில் வைத்துச் சோதித்து வாங்குங்கள், வகை பிரித்துக் கழுவுங்கள், போகாததைச் சொல்லி விற்றுவிடுங்கள். நமது வியாபாரங்களில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.